76 இடுப்புகளின் கணக்கு: செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் பணம் கட்டுவது யார்?

லண்டனில் ஒரு மருத்துவமனை. மற்ற இடங்களில் சமாளிக்க முடியாத சிக்கலான மூட்டுக் கேஸ்கள் அங்கேதான் போகும். 1999 முதல் 2008 வரை அங்கே 305 இடுப்பு மூட்டுகளுக்கு ரிவிஷன் நடந்தது. ரிவிஷன் என்றால், முன்பே பொருத்திய செயற்கை மூட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது. அந்த மருத்துவர்கள் பிறகு பழைய ஃபைல்களைப் பிரித்து, ஒவ்வொரு கேஸுக்கும் என்ன செலவானது என்று கூட்டிப் பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். அறுவை மருத்துவர்கள் எழுதும் கட்டுரைகளில் பொதுவாக நோயாளியின் கால் எவ்வளவு மடங்குகிறது, வலி எவ்வளவு குறைந்தது என்பதுதான் இருக்கும். இதில் பவுண்ட் கணக்கு இருந்தது.

305-ல் 194 மூட்டுகள் கிருமி ஏதும் இல்லாமல் காலப்போக்கில் தளர்ந்துபோனவை. அப்படி ஒன்றை மாற்ற சராசரியாக 11,897 பவுண்ட் ஆனது. 11 மூட்டுகள் குழியைவிட்டு நழுவியவை, அவற்றுக்கு 10,893. செயற்கை மூட்டைச் சுற்றியிருந்த எலும்பு முறிந்த கேஸ்கள் 24, தலா 18,185. மிச்சமிருந்த 76 மூட்டுகளில் ஆழமான கிருமித்தொற்று. அவை ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு 21,937 பவுண்ட்.

தளர்ந்த மூட்டுக்கும் சீழ் பிடித்த மூட்டுக்கும் வித்தியாசம் 10,040 பவுண்ட். 76-ஆல் பெருக்கினால் 7,63,040. ஒரே மருத்துவமனையில், இடுப்பு மூட்டில் மட்டும், கிருமி என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதலாகப் போன பணம் இது. முழங்கால் இந்தக் கணக்கில் இல்லை.

சரி, இதில் என்ன சிக்கல்? பெரிய வியாதிக்குப் பெரிய செலவு ஆவது இயல்புதானே என்று கேட்கலாம். சிக்கல் செலவில் இல்லை, வரவில் இருக்கிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்.ஸில் மருத்துவமனைகளுக்கு அந்தக் காலத்தில் செய்த சிகிச்சையின் வகைக்கு ஏற்ப ஒரு நிர்ணயத் தொகை வந்தது. டாரிஃப் என்பார்கள். நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ‘இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு பேக்கேஜ்’ என்று வைத்திருப்பதைப் போல. காரணத்தைப் பொறுத்துச் செலவு இவ்வளவு மாறுகிறதே, டாரிஃபில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லையே என்பதுதான் லண்டன் மருத்துவர்கள் கண்டது. அதாவது, எளிய கேஸை எடுத்துக்கொண்ட மருத்துவமனையின் கணக்கு நேராகும். சீழ் பிடித்த கேஸை மறுக்காமல் வாங்கிக்கொண்ட மருத்துவமனைக்குக் கையைக் கடிக்கும்.

2015-ல் அதே குழுவினர் முழங்காலுக்கும் கணக்குப் போட்டார்கள். கிருமி இல்லாத ரிவிஷனுக்கு 9,655 பவுண்ட், கிருமி இருந்தால் 30,011. மூன்று மடங்குக்கும் மேலே. இப்படி ஒரு ரிவிஷன் பிரிவை நடத்துவது மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்துவிட்டார்கள். மருத்துவ இதழில் வியாபாரி கேட்கிற கேள்வி. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

பணம் எதில் போகிறது

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், ‘ஆன்டிபயாடிக் விலை ஜாஸ்தியாக இருக்கும்’ என்று நினைப்பார்கள். அல்லது புது மூட்டின் விலை என்று நினைப்பார்கள். இரண்டும் கணக்கில் உண்டு. ஆனால் கணக்கை வீங்கவைப்பது நேரம். ஆபரேஷன் தியேட்டரில் போகும் மணிநேரம், வார்டில் கட்டில் பிடித்துக் கிடக்கும் நாட்கள். லண்டன் கணக்கிலும் தொற்று கேஸ்களில் அறுவை நீண்டது, ரத்த இழப்பு கூடியது, சிக்கல்கள் கூடின, படுக்கை நாட்கள் கூடின.

ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதற்குக் கிருமியின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1957-ல் எலெக், கோனன் என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்களின் தோலுக்கடியில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தினார்கள். (இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் இதற்குச் சம்மதிக்குமா, தெரியவில்லை.) சும்மா செலுத்தினால் சீழ் பிடிக்கப் பல லட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. அங்கே ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தால் சில நூறு கிருமிகளே போதும். ஒரு நூலுக்கே இப்படியென்றால், தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டுக்கு என்ன ஆகும்?

உடம்புக்குச் சொந்தமில்லாத பொருளின் மேல் கிருமி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலத்தைச் சுரந்துகொள்கிறது. பயோஃபிலிம் என்கிறார்கள். குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றினால் போகாது, சுரண்டத்தான் வேண்டும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் கிட்டத்தட்டத் தூங்குகிற நிலையில் இருப்பதால், வளரும் கிருமியைக் கொல்லும் மருந்துகள் அங்கே அவ்வளவாகப் பலிப்பதில்லை. நம் தோலில் காலங்காலமாகச் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற கிருமிகூட இங்கே வில்லனாகிவிடும். இது சத்தமில்லாத வில்லன். காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. மாதக்கணக்கில் ‘மூட்டு ஏதோ வலிக்கிறது’ என்று நோயாளி சொல்லிக்கொண்டே இருப்பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மூட்டு நீரை ஊசியில் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். நோய் இன்னது என்று கண்டுபிடிக்கும் முன்பே ஒரு செலவு ஓடிவிடும்.

சீக்கிரம் தெரிந்துவிட்டால், அதாவது அறுவை முடிந்த முதல் சில வாரங்களுக்குள் என்றால், மூட்டை எடுக்காமலேயே திறந்து கழுவி, அழுகிய சதையை நீக்கி, கழற்றக்கூடிய பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். செலவு குறைவு. பாசி முற்றிவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அப்புறம் முழு மூட்டையும் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவதில் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலான இடங்களில் வழக்கமாக இருந்தது இரண்டு கட்ட முறை. முதல் அறுவையில் பழைய மூட்டையும் அதை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் சிமென்ட்டையும் சுத்தமாக எடுத்துவிடுவார்கள். எலும்போடு நன்றாகப் பிடித்துப்போன தண்டை எலும்பு உடையாமல் எடுப்பதற்கே மணிக்கணக்கில் ஆகலாம். காலி இடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டால் செய்த தற்காலிக மூட்டு ஒன்றை வைப்பார்கள். அதற்கு ஸ்பேசர் என்று பெயர். அப்புறம் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து. கிருமி போய்விட்டது என்று நம்பிக்கை வந்ததும் இரண்டாவது அறுவை: ஸ்பேசரை எடுத்துப் போட்டுவிட்டு நிஜ மூட்டை வைப்பார்கள். இரண்டு மயக்க மருந்து, இரண்டு முறை ரத்தம், இரண்டு முறை தியேட்டர், இரண்டு முறை பிசியோதெரபி. நடுவில் அந்த மனிதர் வாக்கரோடு வீட்டிலும் முழுதாக இல்லாமல் ஆஸ்பத்திரியிலும் முழுதாக இல்லாமல் அல்லாடுகிற மாதங்கள். சிலருக்கு அந்த இரண்டாவது அறுவை நடக்காமலேயே போய்விடுவதும் உண்டு. உடம்பு தாங்காது, அல்லது ‘போதும் டாக்டர்’ என்று விட்டுவிடுவார்கள்.

லண்டன் கணக்கு ரிவிஷனோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பிடித்தது 2020-ல் வந்த பிரிஸ்டல் ஆய்வு. இங்கிலாந்தில் 2003-ல் தொடங்கிய தேசிய மூட்டுப் பதிவேட்டையும் மருத்துவமனை அனுமதிப் பதிவுகளையும் இணைத்து, முதல் இடுப்பு அறுவையிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒவ்வொருவருக்கும் ஆன உள்நோயாளிச் செலவைக் கூட்டினார்கள். தொற்று வந்து சிகிச்சை பெற்றவர்களுக்குச் சுமார் 42,000 பவுண்ட். அதே போன்ற வயதும் உடல்நிலையும் கொண்டு, தொற்று வராதவர்களுக்குச் சுமார் 8,000. ஐந்து மடங்கு. இதிலும் மருத்துவமனைக்குள் நடந்தது மட்டும்தான் இருக்கிறது. வேலைக்கு விடுப்பு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் சம்பளம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கண்ணாடிக் கூண்டு

செலவைக் குறைக்க எளிய வழி தொற்றே வராமல் பார்த்துக்கொள்வது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, தடுப்பதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது. இந்தக் கதை லங்காஷயரில் விகன் நகருக்குப் பக்கத்திலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் தொடங்குகிறது.

இன்று உலகம் முழுக்கச் செய்கிற இடுப்பு மாற்று அறுவையின் மூலவர் ஜான் சார்ன்லி. 1962-ல் பாலிஎத்திலீன் கிண்ணத்தோடு அவர் செய்த மூட்டு இயந்திர ரீதியில் அருமையாக வேலை செய்தது. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் நூறு பேரில் ஏழு பேருக்கு மேல் கிருமித்தொற்று வந்தது. வலியைப் போக்கச் செய்த அறுவை, காலையே முடக்கிப்போடுகிற நிலை. சார்ன்லிக்குத் தியேட்டர் காற்றின் மேல் சந்தேகம் வந்தது. லங்காஷயர் பஞ்சாலைகளின் ஊர். நெசவாலைகளில் காற்றைச் சுத்தம் செய்வதில் அனுபவமுள்ள ஹோவொர்த் நிறுவனத்தை அழைத்து, தியேட்டருக்குள்ளேயே ஒரு கூண்டு கட்டினார். வடிகட்டிய காற்று உள்ளே வரும். மருத்துவர்கள் விடும் மூச்சுக்காற்றை வெளியே உறிஞ்சி எடுக்கும் அங்கிகளும் வந்தன. பத்தே ஆண்டுகளில் தொற்று விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

அதற்குக் கூண்டுதான் காரணமா? அந்தப் பத்து ஆண்டுகளில் கையுறை, தையல் முறை என்று சார்ன்லி வேறு பலவற்றையும் மாற்றியிருந்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 8,000-க்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் அறுவைகளில் இதைச் சோதித்து 1982-ல் முடிவைச் சொன்னது: சாதாரணத் தியேட்டரில் 1.5 சதவீதம், மிகச் சுத்தமான காற்றில் 0.6 சதவீதம். பாதிக்கும் கீழே. உலகமெங்கும் மூட்டுத் தியேட்டர்களில் லாமினார் காற்று அமைப்பு, அதாவது வடிகட்டிய காற்றை ஒரே திசையில் சீராகப் பாயவிடும் ஏற்பாடு, வந்ததற்கு இந்த எண்கள் பெரிய காரணம்.

கதை அங்கே முடியவில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்று அறுவைக்குத் தொற்றுத் தடுப்பு என்ற பெயரில் லாமினார் காற்றமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. ஆன்டிபயாடிக்கை அறுவைக்கு முன்பே போடும் வழக்கம் எல்லா இடத்திலும் வந்துவிட்ட காலத்துப் பதிவுகளில், அந்த விலை உயர்ந்த காற்றால் கூடுதல் பலன் தென்படவில்லை. 1982-ல் நல்ல முதலீடாக இருந்தது 2016-ல் சந்தேகத்துக்குரிய முதலீடாகிவிட்டது. இரண்டு முடிவுகளும் அந்தந்தக் காலத்தில் சரியாக இருந்திருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் நம் ஊர் கார்ப்பரேட் மருத்துவமனை விளம்பரங்களில் இந்தக் காற்றமைப்பு ஏதோ கோயில் கோபுரம் போல நிற்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

இதற்கு எதிர்முனையில் ஒரு சின்ன விஷயம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி பலருடைய மூக்கிலேயே குடியிருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளிவந்த சோதனை ஒன்றில், மருத்துவமனைக்கு வந்தவுடன் மூக்கில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு முப்பிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் சோப்பும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத களிம்பும் சோப்பும். அந்தக் கிருமியால் வந்த தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 ஆனது. பலவகை அறுவைகள் கலந்த சோதனை அது, மூட்டுக்கு மட்டுமானதில்லை. இருந்தாலும் ஒரு களிம்பு ட்யூப் எங்கே, ஒரு தியேட்டரின் காற்றமைப்பு எங்கே!

பதினொரு முழங்கால்களில் பிறந்த வழக்கம்

மறுபடி இரண்டு கட்ட முறைக்கு வருகிறேன். ஏனென்றால் இந்தக் கேஸின் உண்மையான திருப்பம் அங்கேதான்.

1983-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் இன்சால் குழுவினர் தொற்று வந்த முழங்கால்களுக்குச் செய்ததை எழுதினார்கள்: மூட்டை எடு, ஆறு வாரம் நரம்பு வழி மருந்து கொடு, பிறகு புது மூட்டு வை. பலன் நன்றாக இருந்தது. எத்தனை முழங்கால்கள்? பதினொன்று. அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் அதுவே பெரிய தொகுப்பு. ஆனால் ‘ஆறு வாரம், இரண்டு அறுவை’ என்பது அதன் பிறகு கல்வெட்டில் பொறித்த மாதிரி ஆகிவிட்டது.

ஜெர்மனியில் வேறு வழி ஓடிக்கொண்டிருந்தது. ஹாம்பர்க்கின் ஹான்ஸ் புக்ஹோல்ட்ஸ், எலும்புச் சிமென்ட்டில் ஜென்டாமைசின் மருந்தைக் கலக்கத் தொடங்கியவர். பழைய மூட்டை எடுத்து, சுத்தம் செய்து, அதே மேஜையில் அதே நாளில் மருந்துச் சிமென்ட்டோடு புது மூட்டை வைத்துவிடுவார். 1981-ல் 583 இடுப்புகளின் முடிவைச் சொன்னார்: முதல் முயற்சியிலேயே 77 சதவீதம் பேருக்குத் தொற்று அடங்கியது. ஆனாலும் வெளியே பலர் தயங்கினார்கள். சீழ் இருந்த இடத்திலேயே உடனே புது உலோகமா என்ற பயம். நியாயமான பயம்தான்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க நாற்பது ஆண்டுகள் ஆயின. பிரிஸ்டலில் இருந்து நடத்தப்பட்ட இன்ஃபார்ம் சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. பிரிட்டனிலும் சுவீடனிலும் 15 மையங்கள், இடுப்பில் தொற்று வந்த 140 பேர். குலுக்கல் முறையில் 65 பேருக்கு ஒரே அறுவை, 75 பேருக்கு இரண்டு கட்டம். 18 மாதம் கழித்து வலி, விறைப்பு, நடமாட்டம் எல்லாவற்றையும் சேர்த்த மதிப்பெண் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். தொற்று இன்னும் இருக்கலாம் என்ற அறிகுறி ஒரு பக்கம் 14 சதவீதம், இன்னொரு பக்கம் 11. பெரிய வித்தியாசமில்லை. அறுவையின்போது எலும்பு முறிவு போன்ற விபரீதங்கள் ஒரு கட்ட முறையில் 8 சதவீதம் பேருக்கு, இரண்டு கட்டத்தில் 27 சதவீதம் பேருக்கு. மூன்றாவது மாதத்தில் ஒரு கட்டக்காரர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். அது சரிதான், மற்றவர்களில் பலருக்கு அப்போது இரண்டாவது அறுவையே முடிந்திருக்காது.

செலவு? ஒரு கட்ட முறையில் தலைக்கு 10,055 பவுண்ட் குறைவு. மேலே லண்டன் கணக்கில் தளர்ந்த மூட்டுக்கும் சீழ் மூட்டுக்கும் இடையே கண்ட 10,040-ஐ நினைவிருக்கிறதா? இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகையாக வந்தது தற்செயல். வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு கணக்குமுறை. ஆனாலும் அந்த அளவுப் பணம் ஒரு வழக்கத்துக்குள் ஒளிந்திருந்தது என்பது யோசிக்கவைக்கிறது. எந்த நிறுவனமும் விலையைக் குறைக்கவில்லை. புது மருந்து எதுவும் வரவில்லை. ஓர் அறுவை போதும் என்று நிரூபிக்க 140 பேர் சம்மதித்தார்கள், அவ்வளவுதான்.

இதே மாதிரி இன்னொரு வழக்கம், நரம்பு வழி மருந்து. எலும்புக்குள் இருக்கும் தொற்றுக்கு வாய்வழி மாத்திரை போதாது என்பது மருத்துவர்களின் பழைய நம்பிக்கை. டிரிப் ஏற்றினால்தான் நோயாளிக்கும் ‘வைத்தியம் நடக்கிறது’ என்று திருப்தி, அது நமக்கும் தெரியாததில்லை. ஆக்ஸ்போர்டை மையமாகக் கொண்டு பிரிட்டனின் 26 மருத்துவமனைகளில், எலும்பு, மூட்டுத் தொற்று வந்த 1,054 பேரை வைத்து நடந்த ஓவிவா சோதனை 2019-ல் வெளியானது. முதல் ஆறு வாரம் ஒரு பாதிக்கு நரம்பு வழி, மறு பாதிக்கு மாத்திரை. ஓராண்டில் சிகிச்சை தோற்றவர்கள்: நரம்பு வழியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2. மாத்திரைக்காரர்களுக்குத் தலைக்குச் சுமார் 2,740 பவுண்ட் மிச்சம். மருந்தின் விலை வித்தியாசம் மட்டுமில்லை அது. குழாய் செருகுவது, நர்ஸ் வீட்டுக்கு வருவது, படுக்கை நாட்கள் என எல்லாம் சேர்ந்தது.

ஆகவே வழக்கமாகச் செய்வது எல்லாமே தண்டச் செலவு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பிரான்சில் 410 பேரிடம், செயற்கை மூட்டுத் தொற்றுக்கு ஆறு வார மருந்து போதுமா, பன்னிரண்டு வாரம் வேண்டுமா என்று பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: ஆறு வாரத்தில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று நீடித்தது, பன்னிரண்டு வாரத்தில் 9.4 சதவீதம். மருந்துச் செலவில் பாதியை மிச்சம் பிடிக்கப்போய் இன்னொரு ரிவிஷனை இழுத்துவிட்டுக்கொள்ளும் வழி அது. எந்த வழக்கத்தை அறுக்கலாம், எதை அறுக்கக் கூடாது என்பது சோதித்துப் பார்க்காமல் தெரிவதில்லை. கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்லிவிட முடிகிற விஷயமும் இல்லை.

பில் யார் மேஜைக்குப் போகிறது

அமெரிக்காவில் தொகை பெரிதென்பதால் சண்டையும் பெரிது. இடுப்பு, முழங்கால் தொற்று ரிவிஷன்களுக்கு அங்கே மருத்துவமனைகளுக்கு ஆன செலவு 2001-ல் 32 கோடி டாலர், 2009-ல் 56.6 கோடி. 2020-ல் 162 கோடியைத் தாண்டும் என்று 2012-ல் மதிப்பிட்டார்கள். தொற்று வரும் சதவீதம் பெரிதாக ஏறியதால் வரும் தொகை இல்லை இது. மூட்டு மாற்றிக்கொள்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. நூற்றுக்கு ஒருவர், இருவர் என்றாலும் நூறுகள் பெருகினால் என்ன ஆகும்?

அங்கே மெடிகேர், முதியோருக்கான அரசுக் காப்பீடு, பல காலம் முதல் அறுவைக்கும் பணம் தந்தது, தொற்று வந்து மறுபடி சேர்ந்தால் அதற்கும் தனியாகப் பணம் தந்தது. 2016 ஏப்ரலில் 67 நகரப் பகுதிகளில் முறையை மாற்றினார்கள். 2024 முடிவு வரை நடந்த அந்தத் திட்டத்தில், அறுவையிலிருந்து வீடு திரும்பிய 90 நாள் வரை எல்லாச் செலவுக்கும் ஒரே இலக்குத் தொகை. அதற்குள் அடங்கினால் மருத்துவமனைக்குப் பரிசு, மீறினால் மருத்துவமனையின் கையிலிருந்து. தொற்றைத் தடுக்கச் செலவு செய்பவரும் அதன் லாபத்தைப் பார்ப்பவரும் ஒருவரே ஆனார் என்பது இதில் நல்ல பக்கம். ஆனால் சத்தமில்லாத அந்த எபிடெர்மிடிஸ் 90 நாளைக் காலண்டர் பார்த்து வருவதில்லை. ஐந்தாவது மாதம் தலைகாட்டினால் அந்தச் செலவு இந்தக் கணக்கில் விழாமல் போனது. இன்னொன்று: சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவருக்குத் தொற்று அபாயம் அதிகம். நஷ்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்த மருத்துவமனை அவரை எப்படிப் பார்க்கும்? ‘முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாங்க’ என்று அனுப்புவது சில சமயம் நல்ல வைத்தியம், சில சமயம் நாசூக்கான மறுப்பு. எது எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் உள்வைப்புகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் முழங்காலின் சராசரி விலை 1,58,324 ரூபாயிலிருந்து 54,720-க்கு இறங்கியது, ஜி.எஸ்.டி. தனி. ரிவிஷனுக்கான உள்வைப்பு 2,76,869-லிருந்து 1,13,950-க்கு. பலருக்கு இது நிஜமாகவே உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் கணக்கை வைத்துப் பார்த்தால், தொற்று வந்த மூட்டில் பணம் போவது பெரும்பாலும் உலோகத்துக்கு இல்லை. இரண்டாவது தியேட்டர் கட்டணம், மருத்துவர் கட்டணம், ரூம் வாடகை, வாரக்கணக்கான மருந்து, பரிசோதனைகள். அறுவைக் கட்டணமும் ரூம் வாடகையும் அந்த உத்தரவுக்குள் வருவதே இல்லை.

இங்கிலாந்தில் நஷ்டம் மருத்துவமனை மேல் விழுந்தது, அதனால் மருத்துவர்களே கணக்குப் போட்டு இதழில் கேள்வி கேட்டார்கள். அமெரிக்காவில் காப்பீட்டின் மேல் விழுந்தது, அரசு விதியை மாற்றியது. இங்கே தனியார் மருத்துவமனையில் முட்டி மாற்றிக்கொண்டவருக்குத் தொற்று வந்தால், பேக்கேஜ் தீர்ந்ததும் மீதி குடும்பத்தின் மேல் விழுகிறது. நகை அடகுக்குப் போகும், பிள்ளைகள் ஆளுக்கொரு பங்கு போடுவார்கள். முதலில் அறுவை செய்த இடத்தில் நம்பிக்கை போய்விட்டால் வேறு ஊரில் வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் மருத்துவமனையின் ஏட்டில் அவர் ‘நலமாக டிஸ்சார்ஜ்’ ஆனவர். இரண்டாவது மருத்துவமனையின் ஏட்டில் அவர் ஒரு புதிய நோயாளி. லண்டனில் 305 ஃபைல்கள் ஒரே அலமாரியில் இருந்தன. இங்கே அந்த மனிதரின் ஃபைல் ஒரு ஜவுளிக்கடைப் பையில், எக்ஸ்ரேக்களோடு, மகன் கையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.